நேஷனல் ஆனர் சொசைட்டியா, கீ கிளப்பா: எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

ஈராண்டுகளுக்கு முன்பு, என் மகள் பத்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் இருந்தபோது, நன்றாகப் படித்துச் சேவையும் செய்யும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் நேஷனல் ஆனர் சொசைட்டிக்கு அவளுடைய மதிப்பெண்கள் போதுமானவையாக இருப்பதாகவும், விருப்பமிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றும் நியூ ஜெர்சியில் அவள் படிக்கும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் தோழிகள் அவளைக் கீ கிளப் என்ற மாணவர் சேவைச் சங்கத்தில் சேரச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இசைக்குழுப் பயிற்சி, கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள், சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி என்று அவளுடைய வாரம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்று தோன்றியது. ஆனர் சொசைட்டியைத் தேர்ந்தெடுத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டும் நூறாண்டு கண்ட அமைப்புகள். ஆனர் சொசைட்டியை 1921இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் சங்கம் தொடங்கியது. படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகிய நான்கையும் பார்த்து, பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது. கீ கிளப் 1925இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப் பள்ளியில் கிவானிஸ் என்ற பெரியவர்களின் சேவைச் சங்கத்தாரின் ஆதரவோடு பிறந்தது. அங்கே தேர்வுக் குழு கிடையாது. சேவை செய்ய விரும்பும் மாணவர் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்ந்துவிடலாம். ஆனர் சொசைட்டிக்கோ பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனர் சொசைட்டிக் கிளைகள் ஆண்டுக்கு 20 டாலருக்கு மேல் சந்தா வாங்கக் கூடாது என்று அதன் விதியே சொல்கிறது. கீ கிளப்பிலும் சிறு தொகைதான். (வீட்டு முகவரிக்கு நேரடியாக வந்து, பணம் கட்டினால் உறுப்பினர் என்று சொல்லும் கடிதங்கள் வேறு வகை. ஆனர் சொசைட்டியில் பள்ளிக் கிளை வழியாக மட்டுமே சேர முடியும்.) மதிப்பெண் சராசரி (ஜி.பி.ஏ.) குறைந்தது 4.0க்கு 3.0 இருக்க வேண்டும் என்பது பொது விதி. பள்ளிகள் அதை உயர்த்திக்கொள்ளலாம், எங்கள் பள்ளியும் உயர்த்தியிருக்கிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது சேவை நேரக் கணக்கு. எத்தனை மணி நேரம் என்பதைக் காட்டிலும், அந்த நேரம் எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் பள்ளியின் கீ கிளப்பில், கிளப் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிகளுக்குப் போனால்தான் நேரம் ஏறும்: உணவு வங்கியில் பெட்டி அடுக்குவது, பூங்காவைச் சுத்தம் செய்வது, அக்டோபரில் யுனிசெஃப் உண்டியல் வசூல். எல்லாமே நல்ல வேலைகள். ஆனால் பெரும்பாலானவை சனிக்கிழமை காலையில் நடக்கும். என் மகளோ எட்டாம் வகுப்பிலிருந்து அதே நேரத்தில் தமிழ்ப் பள்ளியில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியையாக இருக்கிறாள். உயிர்மெய் எழுத்துகளை மணலில் எழுத வைப்பாள்; லகர ளகரத்தில் தடுமாறும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். கீ கிளப்பில் சேர்ந்திருந்தால், அந்த வகுப்பை விட்டுவிட்டு, வாராவாரம் வேறு வேறு இடங்களில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வர வேண்டியிருந்திருக்கும்.

ஆனர் சொசைட்டி அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையையே சேவையாக ஏற்றுக்கொண்டது. ஊதியம் வாங்காமல் பள்ளிக்கோ சமூகத்துக்கோ செய்யும் எதையும் அவர்கள் சேவையாகப் பார்க்கிறார்கள். எங்கள் கிளையில் பருவத்துக்கு 15 மணி நேரம். அதில் 5 மணி நேரம் கிளையின் கூட்டுப் பணியிலும் மீதி மாணவரே தேர்ந்தெடுத்த இடத்திலும் செய்யலாம். மீதி முழுவதும் தமிழ்ப் பள்ளியிலேயே முடிந்தது. பிள்ளைகள் அவளை அக்கா என்று அழைக்கும் வகுப்பில் மூன்றாண்டு, நான்காண்டு தொடர்ந்து நிற்பதற்கு இருக்கும் மதிப்பு, பத்து இடங்களில் தலைகாட்டுவதற்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி விண்ணப்பத்திலும் இது உதவியது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விளக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிப் பணி அங்கே முதல் இடத்தைப் பிடித்தது; ஆனர் சொசைட்டி உறுப்பினர் என்பதைக் கௌரவங்களுக்கான தனிப் பகுதியில் ஒரே வரியில் எழுதிவிட்டாள். அந்த ஒரு வரிக்காகக் கல்லூரி இடம் கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் படிப்பார்கள்.

இந்தக் கணக்கைப் பராமரிப்பதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். நானும் அதே தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஆனால் பெற்றோர் கையொப்பத்தை எங்கள் கிளை ஏற்பதில்லை. ஒருங்கிணைப்பாளர்தான் கையெழுத்திட வேண்டும். ஆனர் சொசைட்டிக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் அவர் மதுரைக்குப் போயிருந்தார். ஒன்றரை ஆண்டு நேரக் கணக்கும் என் நாட்குறிப்பில் இருந்ததே தவிர, ஒரு தாளில்கூட அவர் கையெழுத்து இல்லை. கடைசி நாள் கடந்துவிட்டது, அடுத்த சுற்று வரை அவள் காத்திருக்க நேர்ந்தது. அன்றிலிருந்து மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டோம். நீங்கள் விண்ணப்பிக்க ஓராண்டு இருந்தாலும் இதை இப்போதே தொடங்குங்கள்.

சேர்ந்த பிறகும் கவனம் தேவை. மதிப்பெண்ணோ சேவை நேரமோ குறைந்தால் எச்சரிக்கை வரும். நீக்குவதற்கு முன் ஆசிரியர் குழு மாணவரை அழைத்து விசாரிக்கும். ஆனால் நீக்கப்பட்டவரோ தாமாக விலகியவரோ மறுபடி ஒருபோதும் சேர முடியாது என்பது கண்டிப்பான விதி. கீ கிளப்பில் ஓராண்டு விட்டுவிட்டு அடுத்த ஆண்டு திரும்பி வரலாம். பதினோராம் வகுப்பில் பாடச் சுமையைத் தாங்குவோமா என்ற பயம் உள்ள பிள்ளைக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல. மறுபுறம், வேலை மாற்றத்தால் வேறு மாநிலத்துக்குப் போக நேரும் நம் குடும்பங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு: புதிய பள்ளியில் ஆனர் சொசைட்டிக் கிளை இருந்தால் உறுப்பினர் தகுதி அங்கே மாறிக்கொள்ளும்; அந்தக் கிளையின் அளவுகோலை எட்ட ஒரு பருவம் அவகாசமும் கிடைக்கும்.

தலைமைப் பண்பு என்று வரும்போது கீ கிளப்பின் பக்கம் நியாயம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனர் சொசைட்டி, நீங்கள் ஏற்கெனவே தலைமை தாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கிறது. கீ கிளப், வந்து கற்றுக்கொள் என்கிறது. அங்கே கிளப் தலைவரிலிருந்து, பல கிளப்கள் சேர்ந்த ‘மாவட்ட’த்தின் ஆளுநர் வரை பதவியில் இருப்பவர்கள் எல்லாருமே பள்ளி மாணவர்கள். மாவட்ட மாநாட்டையும் அவர்களே முன்நின்று நடத்துகிறார்கள். இதை என் மகளின் தோழி ஒருத்தி வழியாகத்தான் அறிந்திருக்கிறேன். முதல் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், இரண்டே ஆண்டுகளில் ஐம்பது பேர் கொண்ட நிகழ்ச்சியைத் தனியாக நடத்தினாள். என் மகளுக்கு ஆனர் சொசைட்டியில் அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. எங்கள் கிளையில் உறுப்பினர்கள் மிக அதிகம், பதவிகளோ ஆறுதான். ரோட்டரியின் இன்டராக்ட் என்ற மாணவர் சேவைச் சங்கமும் சில பள்ளிகளில் உண்டு. எங்கள் பள்ளியில் இல்லாததால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் மகன் இந்தச் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்கென்று அக்காவைப் போல நிலையான ஒரு பணி இன்னும் அமையவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்வதென்றால் அவனுக்கு உற்சாகம். அதனால் அவனைக் கீ கிளப்பில்தான் சேர்த்திருக்கிறோம். பத்தாம் வகுப்பில் கடிதம் வந்தால் அப்போது அவனே முடிவு செய்யட்டும். அதுவரை அவனுடைய சேவை நேரத் தாளும் மாதந்தோறும் கையெழுத்தோடு அக்காவின் கோப்பிலேயே சேர்கிறது.