கண்ணாடி வில்லையும் காந்த வில்லையும்

உயர்தர உயிரியல் வகுப்பில் நுணுக்குக்காட்டி பற்றிய பாடம் முடிந்ததும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கிறது: "சேர், அப்படியென்றால் எது திறம்?" விடையும் அந்தப் பிள்ளையிடமே இருக்கும். ஒளி நுணுக்குக்காட்டி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருப்பிக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டி இலட்சக்கணக்கான மடங்கு பெருப்பிக்கும். ஆகவே இரண்டாவதே திறம்.

பெருக்கத்தை வைத்து இவ்விரண்டையும் நிறுப்பது பிழை. நல்லூர்த் தேரைத் தூரத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, விரல்களால் விரித்துப் பாருங்கள். தேர் பெரிதாகும், தேரில் உள்ள சிற்பத்தின் முகம் தெளியாது. நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றல்தான் முக்கியம். அதைப் பிரிவலு என்கிறோம்.

ஒளியின் பிரிவலுவுக்கு எல்லை உண்டு என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). அதன் பாதிக்குக் கீழே, அதாவது 200 நனோமீற்றர் அளவுக்குக் கீழே, எவ்வளவு நல்ல கண்ணாடி வில்லையும் பொருள்களைப் பிரித்துக் காட்டாது. வில்லை செய்பவரின் கைத்திறனில் குறையில்லை. ஒளியின் இயல்பே அது.

இலத்திரனுக்கும் அலை இயல்பு உண்டு என்று 1924இல் டி புறோக்லி சொன்னார். காந்தப்புலம் இலத்திரன் கற்றையை வில்லைபோல் குவிக்கும் என்று 1926இல் ஹான்ஸ் புஷ் காட்டினார். 1931இல் பெர்லினில் மக்ஸ் நோலும் ஏர்ன்ஸ்ட் றுஸ்காவும் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் றுஸ்கா ஒளியின் எல்லையைத் தாண்டிவிட்டார். நோபல் பரிசு அவரைத் தேடி வந்ததோ 1986இல்தான்.

ஒரு இலட்சம் வோல்ற்றில் முடுக்கிய இலத்திரனின் அலைநீளம் 0.0037 நனோமீற்றர். ஒளியுடையதில் ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் பிரிவலு இலட்சம் மடங்கு கூடவில்லை. காந்த வில்லைகளின் பிறழ்ச்சியால், அதாவது கற்றையை ஒரே புள்ளியில் சரியாகக் குவிக்க முடியாத குறையால், வழக்கமான கருவிகள் 0.2 நனோமீற்றர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. கிடைத்தது ஆயிரம் மடங்கு. இங்கே தடை அலையன்று, வில்லை. இந்தத் தலைகீழ் மாற்றத்தை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இனி ஓர் இலையை எடுப்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்த புகையிலை; வைரஸால் வரும் மொசைக் நோய் பிடித்து, இளம்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுப் பட்டது. இலை மயிர் ஒன்றை உரித்து, வழுக்கி எனும் கண்ணாடித் தகட்டில் தண்ணீர்த் துளியில் வைத்து, ஒளி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கலத்துக்குள் குழியவுரு, அதாவது கலத்தை நிரப்பும் கூழ்மம், ஓடிக்கொண்டிருக்கும். பச்சையவுருமணிகள் தம் சொந்தப் பச்சை நிறத்திலேயே தெரியும். நோய் முற்றிய கலங்களில் அறுகோணப் பளிங்குகளும் தென்படலாம். 1903இல், இந்த நோயை ஆராய்ந்த ரஷ்ய அறிவியலாளர் இவானோவ்ஸ்கி அவற்றை வரைந்து வைத்தார். அவை கோடிக்கணக்கான வைரஸ்களின் அடுக்குகள் என்பது அவருக்குத் தெரியாது.

தனி வைரஸ் 300 நனோமீற்றர் நீளமும் 18 நனோமீற்றர் அகலமும் கொண்ட குச்சி. ஒளியால் அதைக் குச்சியாகக் காட்ட முடியாது. 1939இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியே அதை முதன்முதலில் காட்டியது. கூட்டத்தை ஒளி பார்த்தது. கூட்டத்தில் நின்ற ஒருவரை இலத்திரன் பார்த்தது.

அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. காற்று மூலக்கூறுகள் இலத்திரன்களைச் சிதறடிப்பதால் கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் ஈரமான உயிர்க்கலம் தாங்காது. ஆகவே இலையைக் கொன்று, நீரை அகற்றி, பிசினில் பதித்து, 50 முதல் 100 நனோமீற்றர் தடிப்பில் கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ சீவ வேண்டும். பிறகு ஒஸ்மியம், யுரேனியம், ஈயம் போன்ற பார உலோகங்களால் சாயமேற்ற வேண்டும். படத்தில் நிறமே கிடையாது. பாடநூலில் நாம் காணும் சிவப்பும் நீலமும் பின்னர் பூசப்பட்டவை. மேற்பரப்பை வருடிப் பார்க்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டி வகைக்குச் சீவல் தேவையில்லை, பொன் போன்ற உலோகப் பூச்சுப் போதும். இலை மயிர்கள் காடுபோல் எழுந்து நிற்பதை அது காட்டும். கலத்தின் உள்ளே நடப்பதைக் காட்டாது.

மாதிரியை நொடிப்பொழுதில் உறையவைத்து, பார உலோகச் சாயமின்றிப் பார்க்கும் முறைக்கு 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு அபேயின் எல்லையைச் சுற்றிப்போகும் ஒளி முறைகளுக்கு அதற்கு முன்பே, 2014இல், கிடைத்துவிட்டது. இரு பக்கமும் தத்தம் குறையைத் திருத்திக்கொண்டுதான் வருகின்றன.

நான் உயர்தரம் படித்தது 1990களில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பகலில் யன்னலோரம் நுணுக்குக்காட்டியை வைத்து, அதன் அடியிலுள்ள ஆடியை வானத்தை நோக்கித் திருப்பினோம். சூரியனை நேரே பிடித்தால் கண் கெடும் என்று ஆசிரியர் முதலிலேயே எச்சரித்தார். அயடீன் துளியிட்ட சின்ன வெங்காயத் தோலில் கலச்சுவர்கள் வரிசையாக எழுந்த அந்தக் காலைநேரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தளம்பாத உயர் மின்னழுத்தம் கேட்கும் கருவி எதுவும் அன்று எங்களுக்கு உதவியிராது.

மருத்துவத்திலும் இதே கதைதான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால், வழுக்கியில் பூசிய இரத்தத்தை ஒளி நுணுக்குக்காட்டியில் பார்த்த எத்தனையோ பேரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. டெங்கு வைரஸோ ஏறத்தாழ 50 நனோமீற்றர், ஒளிக்கு எட்டாது. ஆனாலும் நோயாளிக்கு டெங்கு என்று உறுதிசெய்ய எவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியைத் தேடுவதில்லை; இரத்தப் பரிசோதனை போதும். அந்த வைரஸின் ஓடு எப்படி அமைந்திருக்கிறது என்ற கேள்விக்குத்தான் இலத்திரன் வேண்டும்.

அண்மையில் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர், பாடசாலைக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டார். மேசையில் வைக்கும் சிறிய வருடும் கருவியின் படத்தையும் அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று எழுதினேன். ஆடியும் விளக்கும் இரண்டுமுள்ள நல்ல ஒளி நுணுக்குக்காட்டிகள் பத்து. ஒவ்வொன்றிலும் எண்ணெயிட்டுப் பார்க்கும் நூறு மடங்குப் பொருள்வில்லை. கூடவே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடும் அலுமாரி ஒன்று. கடற்காற்றின் ஈரத்தில் வில்லையில் பூஞ்சணம் படர்ந்து நல்ல கருவிகள் குருடாவதை நான் பார்த்திருக்கிறேன். அலுமாரியை முதலில் அனுப்பச் சொன்னேன்.