ஏர்பேக் விளக்கும் சீட் பொசிஷன் சென்சாரும்: ரிப்பேருக்குப் பிறகு இரண்டு மழைக்காலம்

எங்கள் பழைய செடானில் டாஷ்போர்டில் இருக்கும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு நான் ஓட்டினால் எரியாது, மனைவி ஓட்டினால் எரியும். அவர் உயரம் குறைவு, சீட்டை நன்றாக முன்னே இழுத்துக்கொள்வார். பாதி விடை அதிலேயே இருந்தது. ஆனால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, சீட் பொசிஷன் சென்சார் (சீட் எவ்வளவு முன்னே இருக்கிறது என்று சொல்வது) என்று கோளாறு எண் வந்ததுமே, சீட் நகரும் ரெயிலோடு சேர்த்து மாற்றணும் என்று எஸ்டிமேட் நீட்டிவிட்டார்கள். சீட்டை நகர்த்திப் பார்க்கவே இல்லை.

இந்த சென்சார் ரெயில் ஓரத்தில் இருக்கும் சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. உள்ளே ஒரு காந்தம், காந்தப்புலத்தை உணரும் ஒரு ஹால் சிப். சீட் நகரும்போது ஒரு தகடு குறுக்கே வந்து காந்தப்புலத்தை மறைக்கும். சிப் இழுக்கும் மின்னோட்டம் மாறும். இரண்டு ஒயர் வகையில் ஒரு நிலையில் சுமார் 5 மில்லியாம்பியர், இன்னொன்றில் சுமார் 15. எதுவுமே வராவிட்டால் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் யூனிட், கோளாறு என்று விளக்கைப் போட்டுவிடும். ஓட்டுபவர் ஸ்டியரிங்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் பையின் வேகத்தைக் குறைக்கத்தான் இத்தனையும்.

பெங்களூரு அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் தமிழ் மெக்கானிக்கிடம் ஏர்பேக் யூனிட்டையும் படிக்கும் ஸ்கேனர் உண்டு. (மலிவான ப்ளூடூத் அடாப்டர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோளாறு எண்களோடு நின்றுவிடும்.) சென்சார் ரீடிங்கை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து சீட்டை மெதுவாகத் தள்ளினோம். பின்னே, நடுவில் எல்லாம் ஒழுங்கு. கடைசி இரண்டு பல் முன்னே வந்ததும் ரீடிங் காணாமல் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால், தரையிலிருந்து வரும் ஒயர் அங்கே விறைத்து, ரெயில் விளிம்பில் உரசி, தோல் கிழிந்து உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

“ஒரு ரெசிஸ்டர் போட்டா லைட் போயிடும் சார், வேணுமா?” என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டார். சில பழைய கார்களை இப்படி யூனிட்டை ஏமாற்றியோ, விளக்கையே துண்டித்தோ விற்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த வண்டியை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஏர்பேக் ஒயரை ஒட்டுப்போடக் கூடாது என்று பல கம்பெனி மேனுவல்கள் சொல்கின்றன. அதனால் சீட்டடி ஒயரிங்கை மட்டும் பார்ட் நம்பர் கொடுத்து உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் புதிதாக வாங்கினோம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் கனெக்டரில் கை வைத்தார். ஏர்பேக் ஒயர்களின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே சைடு ஏர்பேக்கையோ மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரையோ வெடிக்க வைக்கலாம்.

அதன் பிறகு விளக்கு திரும்பவில்லை. பழைய சென்சாரே ஓடுகிறது, எஸ்டிமேட்டில் சொன்ன தொகையில் சின்னப் பங்குதான் செலவு. ஒரே ஒரு குறை: புது ஒயரிங்கின் கிளிப் தரையில் சரியாக உட்காரவில்லை, கேபிள் டை போட்டுத்தான் பிடித்திருக்கிறது. வாட்டர் வாஷுக்கு விட்டால் அங்கே வேக்குவம் போடும் பையன் குழாயைச் சீட்டுக்கு அடியில் திணித்து அதை இழுத்துவிடுகிறான், வீட்டுக்கு வந்து நான்தான் குனிந்து திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது.