ஓப்பன்ரெஸ்ட்டி: கட்டம் மாறினால் கழுத்தறுக்கும்

என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்குள் லுவா மொழி நிரலை ஓட்ட அருமையான கருவி. ஒவ்வொரு கோரிக்கையும் பல கட்டங்களாக நகரும், எந்த நிரலை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். டோக்கன் (பயனரின் அடையாளச் சீட்டு) சரிபார்ப்பை, அனுமதி பார்க்கும் ஆக்சஸ் கட்டத்தில் வையுங்கள். பதிலை உருவாக்கும் கன்டென்ட் கட்டத்தில் வைத்தால், அதே லொகேஷனில் (ஒரு முகவரிப் பாதைக்கான அமைப்பு) கோரிக்கையைப் பின்னால் உள்ள சர்வருக்கு அனுப்பும் பிராக்ஸி பாஸ் எடுபடாது, லொகேஷனுக்கு ஒரே கன்டென்ட் ஹேண்ட்லர்தான்.

வழுக்கும் இடம், பதிலின் உள்ளடக்கத்தை மாற்றும் பாடி ஃபில்டர். ஒரு கோரிக்கைக்கே துண்டு துண்டாகப் பலமுறை ஓடும். அதற்குள் பதிலின் முன்தகவலான ஹெடர் கிளம்பியிருக்கும். ஹெடர் ஃபில்டரிலேயே பதிலின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட் லெங்த்தை நில் (வெறுமை) ஆக்காமல் பதிலை நீட்டினால், பழைய நீளத்தோடு ஜேசன் தரவு பாதியில் அறுந்து நிற்கும். குறைத்தாலோ பிரவுசர் மிச்சத்துக்காகக் காத்துக் கிடக்கும்.

கடைசியில் பதிவு எழுதும் லாக் கட்டத்திலிருந்து ரெடிஸ் தரவுத்தளத்துக்கு எழுத முடியாது, 'ஏபிஐ டிசேபிள்டு' என்று வரும். அந்த வேலையை உடனே தனியாக ஓடும் 0 நொடி டைமரில் தள்ளிவிடலாம். ஆனால் காத்திருக்கும் டைமர்களுக்கு இயல்பு வரம்பு 1024, நெரிசலில் அதுவும் நிரம்பும்.