ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டுகளுடன் 12 ஆண்டுகள்: எவை உழைத்தன, எவை காலை வாரின

கடந்த 12 ஆண்டுகளாக என் அன்றாட வேலை, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில்தான் நடக்கிறது. இம்மொழியில் எண், சரம் (எழுத்துத் தொடர்), பூலியன் (மெய் அல்லது பொய்) முதலிய சில அடிப்படை மதிப்புகளை ஒதுக்கிவிட்டால் எஞ்சியவை அனைத்தும் ஆப்ஜெக்டுகளே, அதாவது பெயரிட்ட பண்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புகளே. மதிப்புகளின் வரிசையான அரே ஓர் ஆப்ஜெக்ட், தேதி ஓர் ஆப்ஜெக்ட், அழைத்தால் இயங்கும் நிரல் துண்டான ஃபங்ஷனும் ஆப்ஜெக்ட்தான். குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் இன்று என்னிடம் கேட்கும் கேள்விகளும், தொடக்கத்தில் நான் மூத்தவர்களிடம் கேட்ட கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நகல் எடுத்து மாற்றினேன், மூலமும் ஏன் மாறியது? உள்ளே இருப்பவை எல்லாம் ஒன்றாக இருக்க, இரண்டும் சமமில்லை என்று ஏன் சொல்கிறது? மாறாதது என்று பொருள்படும் கான்ஸ்ட் (const) என்று அறிவித்த பிறகும் எப்படி மாறுகிறது? இந்த மூன்றும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின. மாறியில் (மதிப்புக்கு நாம் வைக்கும் பெயரில்) இருப்பது ஆப்ஜெக்ட் அன்று; அந்த ஆப்ஜெக்ட் இருக்குமிடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே. ஒரு மாறியை இன்னொரு மாறிக்குக் கொடுக்கும்போது ரெஃபரன்ஸ்தான் இரண்டாகிறது, ஆப்ஜெக்ட் அப்படியே ஒன்றாக இருக்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பட்டுத் தெரிந்துகொள்வது வேறு. நான் பட்டது ஒரு விண்ணப்பப் படிவத்தில். பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பெறும் எளிய படிவம் அது. வெற்றுப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் ஆப்ஜெக்டாக மேலே எழுதி வைத்து, ‘புதியது’ பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதை மூன்று புள்ளிக் குறியால் (...) விரித்து நகலெடுத்துக்கொண்டிருந்தோம். முதல் விண்ணப்பம் சரியாகப் பதிவானது. இரண்டாவது படிவத்தைத் திறந்தால் பெயரும் தொலைபேசி எண்ணும் காலியாக இருந்தன. ஆனால் முகவரிக் கட்டங்களில் முந்தையவரின் கதவு எண்ணும் தெருப் பெயரும் நிரம்பியிருந்தன. பக்கத்தைப் புதுப்பித்தால் பிழை மறைந்துவிடும். அதனால் புகார் வரும்போதெல்லாம் நாங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவருடைய வீட்டு முகவரி இன்னொருவரின் விண்ணப்பத்தில் போய் உட்காரக்கூடிய பிழையை அப்படித் தட்டிக்கழித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

காரணத்தைத் தேடிய இரண்டு நாள்களில் ஒரு நாளை, நிரலின் மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்க உதவும் கன்சோலே விழுங்கியது. நகலெடுத்த அடுத்த வரியிலேயே வெற்றுப் படிவத்தைக் கன்சோலில் பதிந்து பார்த்தேன். முகவரி அப்போதே நிரம்பியிருப்பதாகக் காட்டியது. பயனர் இன்னும் ஓர் எழுத்துகூடத் தட்டச்சு செய்யாத நேரத்தில் அது எப்படி நிரம்பும் என்று புரியாமல், தரவுத்தளத்திலிருந்து பழைய பதிவு வருகிறதோ என்று அந்தப் பக்கம் போய்த் தேடினேன். உண்மையில் உலாவியின் கன்சோலும் ரெஃபரன்ஸைத்தான் வைத்துக்கொள்கிறது. நாம் சிறு முக்கோணத்தைச் சொடுக்கி விரிக்கும் கணத்தில் ஆப்ஜெக்டுக்குள் என்ன இருக்கிறதோ அதையே காட்டுகிறது, பதிந்த கணத்தில் இருந்ததை அன்று. குரோமில் அருகே வரும் சிறிய தகவல் குறியின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் இந்த விவரம் தெரியும். அதை நான் அதுவரை கவனித்ததில்லை. அன்றிலிருந்து, மாறக்கூடிய ஆப்ஜெக்டைக் கன்சோலில் பார்க்க வேண்டுமானால் அதை ஜேசன் (JSON, தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) சரமாக்கியே பதிகிறேன்.

பிழையின் வேர், மூன்று புள்ளிக் குறி மேல்மட்டத்தை மட்டும் நகலெடுக்கிறது என்பதே. பெயரும் எண்ணும் சரங்கள் என்பதால் அவை தனியாகப் பிரிந்தன. முகவரி உள்ளே இருந்த இன்னோர் ஆப்ஜெக்ட் என்பதால் அதன் ரெஃபரன்ஸ் மட்டும் நகலானது. 2015இல் வந்த, பண்புகளை நகலெடுக்கும் ஃபங்ஷனான ஆப்ஜெக்ட்.அசைன், 2018இல் தரநிலையில் சேர்ந்த ஆப்ஜெக்டுக்கான மூன்று புள்ளிக் குறி ஆகிய இரண்டுக்கும் இது பொது. நான் வேலையைத் தொடங்கியபோது இவற்றில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பண்பாகச் சுற்றி நகலெடுக்கும் ஃபங்ஷனை நாங்களே எழுதினோம், அல்லது லோடாஷ் நூலகத்தை நாடினோம், அல்லது ஜேசன் சரமாக மாற்றி மீண்டும் ஆப்ஜெக்டாக மாற்றும் குறுக்கு வழியைப் பிடித்தோம்.

அந்தக் குறுக்கு வழி நெடுநாள் எனக்கு உழைத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது சத்தமில்லாமல் பொருள்களைத் தொலைக்கும். மதிப்பு அன்டிஃபைன்ட் (undefined, மதிப்பு தரப்படாதது) ஆக இருக்கும் பண்பு காணாமல் போகும். ஃபங்ஷன் காணாமல் போகும். தேதி ஆப்ஜெக்ட் வெறும் சரமாகத் திரும்பி வரும். எண் அல்லாததைக் குறிக்கும் ‘நான்’ (NaN) என்னும் மதிப்பு, வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ (null) ஆகும். பெயர்–மதிப்பு இணைகளைச் சேர்த்து வைக்கும் மேப் (Map) காலி ஆப்ஜெக்டாக வந்து நிற்கும். ஆப்ஜெக்ட் சுற்றிவந்து தன்னையே சுட்டினாலோ பிழைச் செய்தி எழுப்பும். சொல்லப்போனால், அப்படி வாய்விட்டுத் தோற்கும் நேரத்தில்தான் அது நேர்மையாக நடந்துகொள்கிறது.

2021 இறுதியில் தொடங்கி 2022 தொடக்க மாதங்களுக்குள் முக்கிய உலாவிகள் அனைத்திலும், உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து ஆழ் நகல் எடுக்கும் ஸ்ட்ரக்சர்டு குளோன் (structuredClone) வந்து சேர்ந்தது. தேதி, மேப், செட் (Set, ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) ஆகியவற்றை உள்ளது உள்ளபடி நகலெடுக்கிறது. தன்னையே சுட்டும் ஆப்ஜெக்டையும் சரியாகக் கையாளுகிறது. ஃபங்ஷன் இருந்தால் மறைத்துவிடாமல் பிழை எழுப்புகிறது. முக்கியக் குறை, கிளாஸ் என்னும் வார்ப்பிலிருந்து உருவான ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அதன் மெத்தடுகள் (ஆப்ஜெக்டோடு இணைந்த ஃபங்ஷன்கள்) இல்லாத சாதாரண ஆப்ஜெக்டாகத் திருப்பித் தருகிறது. தரவை மட்டும் சுமக்கும் ஆப்ஜெக்டுகளுக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தப் படிவத்தை நான் சரிசெய்தது ஆழ் நகலால் அன்று. வெற்றுப் படிவத்தை ஆப்ஜெக்டாக வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும் ஒரு சிறு ஃபங்ஷனாக மாற்றினேன். பகிர்வதற்கு மூலம் என்று ஒன்றே இல்லாதபோது நகல் பற்றிய கேள்வியும் எழவில்லை. இந்த ஒரு பழக்கம் கடந்த ஆண்டுகளில் எனக்குக் காத்துக்கொடுத்த நேரத்துக்கு அளவில்லை. பைத்தான் மொழியில் எழுதும் நண்பர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது: ஃபங்ஷனின் முன்னிருப்பு மதிப்பாக (அழைப்பவர் எதுவும் தராதபோது கொள்ளும் மதிப்பாக) காலி லிஸ்டைக் கொடுத்தால், அந்த லிஸ்ட் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது; அடுத்தடுத்த அழைப்புகள் எல்லாம் அதே லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போகின்றன. நோய் ஒன்றே என்பதால் மருந்தும் ஒன்றே: தேவைப்படும் இடத்தில் புதிதாக உருவாக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை, திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் காட்டியது. இருக்கும் ஆப்ஜெக்டின் பண்பை நேரடியாக மாற்றி அதையே திரும்பக் கொடுத்தால், ரெஃபரன்ஸ் மாறவில்லை என்பதால் எதுவும் மாறவில்லை என்று அது முடிவு செய்கிறது. திரை அப்படியே நிற்கிறது. அங்கே மாற்றம் வேண்டுமானால் புதிய ஆப்ஜெக்ட் வேண்டும். படிவத்தில் பகிரப்பட்டதால் துன்பம், இங்கே பிரிக்கப்படாததால் துன்பம். இரண்டையும் ஒரே வாரத்தில் சந்திக்கும் புதியவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

சமம் பார்ப்பதிலும் இதே கதைதான். இரண்டு காலி ஆப்ஜெக்டுகளை மூன்று சமக் குறியிட்டு (===) ஒப்பிட்டால் விடை பொய் என்றே வரும், ஏனெனில் ஒப்பிடப்படுவது ரெஃபரன்ஸ். இரண்டையும் ஜேசன் சரமாக்கி ஒப்பிடும் வழியைப் பலர் கையாளுகிறார்கள்; பண்புகளின் வரிசை மாறினாலே அது தவறான விடை தரும். எனக்கு நிலைத்து உழைத்தது, எந்தப் பண்புகள் ஒன்றானால் இரண்டும் ஒன்று என்பதை நானே முடிவு செய்து, அவற்றை மட்டும் ஒப்பிடும் ஃபங்ஷனை எழுதுவதே. பெரும்பாலும் அடையாள எண் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. ஜாவா என்னும் வேறொரு மொழியில் சில காலம் வேலை செய்தபோது இதன் கடுமையான வடிவத்தைக் கண்டேன். அங்கே சமம் பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடை மாற்றி எழுதிவிட்டு, தேடலுக்கான எண்ணைக் கணக்கிடும் ஹாஷ்கோடை மறந்தால், அந்த எண்ணைக் கொண்டு தேடும் ஹாஷ்மேப்பில் போட்ட பொருளைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். இன்டீஜர் ஆப்ஜெக்டுகளாக உள்ள 127ஐ இரட்டைச் சமக் குறியால் ஒப்பிட்டால் மெய் என்றும் 128ஐ ஒப்பிட்டால் பொய் என்றும் விடை வருவதைப் பார்த்துத் திகைத்ததும் அப்போதுதான். −128 முதல் 127 வரையுள்ளவற்றை ஜாவா முன்கூட்டியே உருவாக்கிப் பகிர்ந்துகொள்கிறது என்பதே அதற்குக் காரணம்.

ஆப்ஜெக்டை அகராதிபோலப் பயன்படுத்தியதில் எனக்கு இரண்டு கசப்பான பாடங்கள் உண்டு. ஒரு தெரிவுப் பட்டியலுக்கான தரவை சர்வர் அகர வரிசையில் அனுப்பியது. நான் அதை அடையாள எண்ணைக் கீயாக (மதிப்பைத் தேடி எடுக்கும் பெயராக) வைத்து ஆப்ஜெக்டில் அடுக்கினேன். திரையில் வரிசை கலைந்து வந்தது. எண்ணாகப் படிக்கத்தக்க கீகள், சேர்த்த வரிசை எதுவாயினும், ஏறு வரிசையில் முன்னால் வந்துவிடும். மற்றச் சரங்கள்தாம் சேர்த்த வரிசையில் பின்னால் வரும். முன்னால் பூச்சியம் உள்ள ‘007’ போன்ற கீ எண்ணாகக் கொள்ளப்படாது என்பதால், எங்கள் பட்டியல் பாதி ஒரு வரிசையிலும் மீதி வேறு வரிசையிலுமாக வந்து நின்றது. இன்னொரு முறை, ஒரு கட்டுரையின் சொற்களை எண்ணும் நிரலில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தபோது எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனின் முழு வடிவமும் அதன் வாலில் 1 என்ற இலக்கமும் ஒட்டி அச்சாயின. நாம் சேர்க்காத அந்தப் பண்பு புரோட்டோடைப் என்னும் பொது மூல ஆப்ஜெக்ட் வழியாக ஒவ்வொரு சாதாரண ஆப்ஜெக்டுக்கும் வந்து சேர்கிறது. 2015 முதலே கிடைக்கும் மேப் இந்த இரண்டு சிக்கல்களையும் ஒருசேரத் தீர்க்கிறது. ஆப்ஜெக்டையே கீயாக வைக்கவும் இடம் தருகிறது. கீகள் வெளியிலிருந்து வரும் தரவாக இருந்தால் நான் இப்போது ஆப்ஜெக்டைத் தொடுவதே இல்லை.

கான்ஸ்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அது மாறியைப் பூட்டுகிறது, ஆப்ஜெக்டை அன்று. ஆப்ஜெக்டைப் பூட்டும் ஃப்ரீஸும் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. இத்தகைய தவறுகளைப் பிழையாக எழுப்பும் ஸ்ட்ரிக்ட் முறை இல்லாத நிரலில், பூட்டிய பண்பை மாற்ற முயன்றால் எந்தச் செய்தியும் வராது. ஆகவே ஸ்ட்ரிக்ட் முறை இல்லாமல் அதை நம்ப வேண்டாம்.

2020இல் வந்த கேள்விக்குறிப் புள்ளிதான் (?.) அண்மைக் காலத்தில் என் நிரலின் தோற்றத்தையே மாற்றிய வசதி. இல்லாத ஆப்ஜெக்டின் பண்பைக் கேட்டதால் வரும் பிழைதான் நான் மிகுதியாகப் பார்த்த பிழைச் செய்தி. 1965இல், எதையும் சுட்டாத நல் (null) ரெஃபரன்ஸை வடிவமைத்த கணினி அறிஞர் டோனி ஹோர், அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் ஓர் உரையில் குறிப்பிட்டார். இந்தப் பிழைச் செய்தியைக் காணும்போதெல்லாம் அந்த உரை எனக்கு நினைவுக்கு வரும். ஆப்ஜெக்ட் இல்லையென்றால் பிழை எழுப்பாமல் அன்டிஃபைன்ட் தரும் கேள்விக்குறிப் புள்ளி அந்தப் பிழைக்கு நல்ல தடுப்பு. ஆனால் கட்டாயம் இருக்க வேண்டிய தரவுக்கும் அதைப் போட்டுவிட்டால், பிழை எழ வேண்டிய இடத்தில் எழாமல், பத்து ஃபங்ஷன்கள் தள்ளி வெற்றுக் கட்டமாக வெளிப்படுகிறது. இல்லாமல் இருக்கலாம் என்று நியாயமாகவே எதிர்பார்க்கும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். அதனுடன் வந்த, மதிப்பு இல்லாதபோது மட்டும் முன்னிருப்பு மதிப்பைக் கொடுக்கும் இரட்டைக் கேள்விக்குறியில் (??) எனக்கு எந்தக் குறையும் இல்லை. முன்பு இரட்டைச் செங்குத்துக் கோட்டால் (||) முன்னிருப்பு மதிப்பைக் கொடுத்தபோது, பயனர் வேண்டுமென்றே இட்ட 0 கூடக் காலியாகக் கொள்ளப்பட்டு மாற்றப்பட்டது. அது இப்போது நடப்பதில்லை.

மெத்தடுக்குள் அதன் ஆப்ஜெக்டைக் குறிக்கும் திஸ் (this) காணாமல் போகும் சிக்கல் மட்டும் ரெஃபரன்ஸோடு சேராத தனிக் கதை. மெத்தடைப் பிரித்து இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுத்தால், யார் எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே திஸ் தீர்மானமாகிறது. தனக்கென்று திஸ் இல்லாமல் வெளியே உள்ளதையே எடுத்துக்கொள்ளும் ஏரோ ஃபங்ஷன் வந்த பிறகு, திஸ் எது என்பதை நிலைப்படுத்தும் பைண்ட் எழுதும் தேவை எனக்கு அறவே குறைந்துவிட்டது. கிளாஸும் அதே 2015இல் வந்தது. தொடக்கத்தில் எல்லாவற்றையும் கிளாஸாக எழுதிய நான், இப்போது தரவைச் சாதாரண ஆப்ஜெக்டாகவும் செயல்களைத் தனி ஃபங்ஷன்களாகவும் வைக்கிறேன். இணைப்பைத் திறந்து மூடுவது போலத் தனக்குள் ஒரு நிலையைக் காக்க வேண்டிய இடத்தில் மட்டுமே கிளாஸ் எழுதுகிறேன்.

அந்த விண்ணப்பப் படிவம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் ஜேசன் குறுக்கு வழி இன்னும் இரண்டு இடங்களில் எஞ்சியுள்ளது. இரண்டும் சரங்களையும் சாதாரண எண்களையும் மட்டுமே சுமக்கின்றன என்பதைச் சோதித்து உறுதி செய்த பிறகே விட்டுவைத்திருக்கிறேன். அங்கே ஒரு தேதிப் பண்பைச் சேர்க்கும் வேலை அடுத்த மாதம் வருகிறது. அப்போது அவை ஸ்ட்ரக்சர்டு குளோனாக மாறும்.