தீராத முகப்பருவுக்கு நான் பயன்படுத்திய நான்கு மருந்துகள்

பதினேழு வயதில் தாடை ஓரத்தில் தொடங்கிய பருக்கள் இருபத்தாறு வயது வரை என்னை விடவில்லை. தோலுக்கடியில் கட்டியாகத் திரண்டு, தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும் வகை அது. மருந்துகளின் குறை என்று நான் அப்போது நினைத்தவற்றில் பாதி, அவற்றை நான் பயன்படுத்திய விதத்தின் குறையே என்பதால், எந்த மருந்தை எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, பருக்கிருமிகளைக் கொல்லும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடு ஜெல். வீரியம் கூடினால் பலனும் கூடும் என்று நம்பி 10 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்ததில், முகம் சிவந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். பின்னர் 2.5 சதவீதத்துக்கு மாறியபோது எரிச்சல் வெகுவாகத் தணிந்தது. சீழ்ப்பருக்கள் குறைவதில் இரண்டு வீரியங்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் என் கருநீலத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் வெளுத்துப் போயிற்று. இதைப் பூசுபவர்கள் வெள்ளை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். நான் மிகவும் வருந்துவது இதை மூன்றாவது வாரத்திலேயே தூக்கி எறிந்ததற்காகத்தான். அடைபட்ட துவாரங்களைத் திறக்கும் இந்த மருந்தால் தொடக்க வாரங்களில் பருக்கள் கூடுவதுண்டு என்பதும், ஏறத்தாழ 12 வாரங்கள் கழித்தே பலனை எடைபோட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. மருந்துக் கடையில் யாரும் சொல்லவுமில்லை. பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதுபோல் தடவினேன். முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு எடுத்து, இரவில், உலர்ந்த தோலில் மெல்லப் பரப்பியிருக்க வேண்டும்.

அதன்பின் ஒரு மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதங்களில் வீக்கம் நன்றாக வடிந்தது. நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் திரும்பி வந்தது. ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுத்தால் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதால் கூடவே பூச்சு மருந்தும் தர வேண்டும் என்பதை அவர் சொல்லாதது இன்றும் என்னை உறுத்துகிறது. ஓரிரவு இந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்ததில், அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கியது. மூன்று நாள் எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது.

இறுதியாக, வேறொரு தோல் மருத்துவர் டாக்சிசைக்ளினை முற்றிலும் நிறுத்திய பிறகே ஐசோட்ரெட்டினாயின் தொடங்கினார். இரண்டையும் ஒருசேர எடுத்தால் மண்டைக்குள் அழுத்தம் உயரும் ஆபத்து உண்டு. என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 120 மி.கி. என்ற கணக்கில் மொத்தம் 7,200 மி.கி., நாளொன்றுக்கு 30 மி.கி. வீதம் எட்டு மாதங்கள், கொழுப்புள்ள உணவோடு. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடும் மருந்து என்பதை மூன்றாம் மாதத்தில் என் நெற்றியின் உலர்வு உணர்த்தியது. உதட்டோரம் வெடித்து, வாயைத் திறந்தாலே ரத்தம் கசிந்ததால், உதட்டுக் களிம்பு இல்லாமல் எங்கும் போனதில்லை. கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் அவ்வப்போது பரிசோதித்தார்கள். மனநிலையில் மாற்றம் தெரிகிறதா என்றும் தவறாமல் கேட்டார்கள்.

கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கக்கூடிய மருந்து இது. எனவே பெண்கள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய பின் ஒரு மாதம் வரை கருத்தரிக்காமல் இருப்பது கட்டாயம். எனக்கும் ஒவ்வொரு மாதமும் கர்ப்பப் பரிசோதனை நடந்தது. மருத்துவர் மேற்பார்வையின்றி இதை வாங்கி விழுங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளில் புதிதாக ஒரு கட்டிகூட எழும்பவில்லை. முன்பு தூக்கி எறிந்த அடாபலீனையே இப்போது வாரம் மூன்று இரவுகள் பூசுகிறேன். தாடையில் விழுந்த குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை நிரப்ப இந்த நான்கில் எதனாலும் இயலவில்லை.