22,000 எம்ஏஎச் பேட்டரி என்று நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தை விட்டேன், ரக்டு போன் வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

நேற்று ராத்திரி 11 மணிக்குப் போன் வாங்கிய ஆன்லைன் சந்தையிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "பொருள் எங்கள் கிடங்குக்கு வந்து சேராததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது." அவ்வளவுதான். ஒன்றரை மாதச் சம்பளம் போனது போனதுதான். தூக்கம் வரவில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு நில அளவை வேலை. காலையில் இறங்கினால் இருட்டும்வரை வெட்டவெளிதான். வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தை முழுசாக வைக்க வேண்டும், ஜிபிஎஸ் நாள் முழுக்க ஓடும், மேப் திறந்தே இருக்கும். சாதாரண போன் மதியம் 2 மணிக்கே படுத்துவிடும். பவர் பேங்க் வைத்திருந்தேன், ஆனால் ஒரு கையில் கருவியும் இன்னொரு கையில் வயர் தொங்கும் போனுமாக மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பது எவ்வளவு தொல்லை என்று அந்த வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் 22,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு), தண்ணீர் புகாது, கீழே போட்டாலும் உடையாது என்ற ரக்டு போன் விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

வாங்கியது பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில். பெயர் சொல்லப் போவதில்லை. விற்பவரிடம் முதலில் நானாகத்தான் கேள்வி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது, கூடவே போனை வாளித் தண்ணீருக்குள் முக்கி எடுக்கும் வீடியோ. அப்புறம் அவரே கூப்பிட்டார். "அண்ணே, ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இது நல்ல கனம். நானே இதுதான் வச்சிருக்கேன், சட்டைப் பையில வச்சா இழுக்கும். ஒத்துவராதுன்னா வாங்காதீங்க." வாங்காதே என்று சொல்கிற வியாபாரியை எப்படிச் சந்தேகப்படுவது? தன் பொருளின் குறையைத் தானே சொன்னார் இல்லையா, அந்த இடத்தில்தான் விழுந்தேன். போனை வைத்த அடுத்த பத்தாவது நிமிடம் பணம் கட்டிவிட்டேன். ஒன்றரை மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

போன் வந்தது, கனமாகத்தான் இருந்தது. முதல் நாள் 0-விலிருந்து 100 வரை சார்ஜ் ஏற 1 மணி 50 நிமிடம்தான் ஆனது. இவ்வளவு பெரிய பேட்டரி இவ்வளவு சீக்கிரம் நிறைகிறதே என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். முதல் பத்து நாள் பெரும்பாலும் அலுவலகத்தில் வரைபட வேலை, தினமும் ராத்திரி சார்ஜ் போட்டுவிடுவேன், அதனால் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாவது நாள் வெளி வேலை. மாலை 5 மணிக்குப் போன் அணைந்துவிட்டது. மூன்று நாள் நிற்கும் என்று சொன்ன போன்! திருப்பி அனுப்பும் அவகாசம் 10 நாள், அது இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான் கணக்குப் போட்டேன், இதை வாங்கும் முன் போட்டிருக்க வேண்டும். 22,000 எம்ஏஎச்சை பேட்டரியின் சராசரி மின்னழுத்தமான 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 85 வாட் மணி, அதாவது பேட்டரி பிடிக்க வேண்டிய மொத்த மின்சாரம். கூட வந்த 33 வாட் சார்ஜர் முழு வேகத்தில் விடாமல் ஏற்றினாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும், கடைசிப் பகுதியில் வேகம் தானாகக் குறையும் என்பதால் உண்மையில் மூன்றரை மணி நேரமாவது பிடிக்கும். சார்ஜ் வயர் வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் யூஎஸ்பி மீட்டரை நண்பரிடம் வாங்கி, போன் தானாக அணையும்வரை ஓட்டி, அணைத்த நிலையிலேயே சார்ஜ் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சின்னத் திரையில் எண் 44, 45 என்று ஊர்ந்து 46 வாட் மணியில் நின்றுவிட்டது. சூட்டில் வீணாவதைக் கழித்தால் உள்ளே இருப்பது 10,000 எம்ஏஎச் சொச்சம். பாதிகூட இல்லை.

அப்புறம் சமையலறைத் தராசில் வைத்தேன். 430 கிராம். நல்ல போன் பேட்டரியே கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட் மணிதான் பிடிக்கும், அப்படியானால் 85 வாட் மணிக்கு பேட்டரி மட்டுமே 340 கிராம் இருக்க வேண்டும். மீதி 90 கிராமில் கண்ணாடி, உலோகச் சட்டம், ரப்பர் உறை, கேமரா, போர்டு எல்லாம் அடங்குமா? இந்த அளவு பேட்டரி உண்மையாகவே உள்ள போன்கள் அரை கிலோவைத் தாண்டும். கனமாக இருக்கும் என்று அவர் சொன்னார், நான் நம்பினேன், ஆனால் இருக்க வேண்டிய கனம் அதில் இல்லை. விளம்பரத்தில் எடை எங்கேயும் போடவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

விற்பவரைக் கூப்பிட்டேன். "புது பேட்டரிண்ணே, நாலஞ்சு தடவை ஏறி இறங்கினாத்தான் முழுசா வரும்." இது பொய், லித்தியம் பேட்டரிக்கு அப்படிப் பழக்க வேண்டியதே இல்லை. அடுத்த முறை, "சாஃப்ட்வேர் அப்டேட் வருது, சரியாயிடும்." அப்டேட் வரவே இல்லை, பாதுகாப்பு அப்டேட்டின் தேதிகூட வாங்கிய நாளில் இருந்த அதே பழைய தேதிதான். மூன்றாவது முறையிலிருந்து போனை எடுக்கவில்லை. சந்தையின் உதவிப் பிரிவில் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்த வீடியோ இருக்கிறதா என்றார் ஒருவர். மீட்டர் படத்தை அனுப்பினால், வெளிக் கருவியின் அளவை ஏற்க முடியாது என்றார் இன்னொருவர்.

நான்காவது வாரம் போனின் பின்பக்கம் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. விரல் நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது. பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த இடைவெளி வந்த பிறகு தண்ணீர் புகாது என்ற பேச்சுக்கும் இடமில்லை. படம் எடுத்து அனுப்பினதும் சந்தைக்காரர்கள் இறங்கிவந்தார்கள்: 7 நாளுக்குள் அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம். உயிர் வந்த மாதிரி இருந்தது.

மூன்று கொரியரில் கேட்டேன், மூவரும் வாங்கவில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 20 வாட் மணியைத் தாண்டினாலே விமானத்தில் ஆபத்தான சரக்குக்கான முழு விதிகளும் அதற்கு வந்துவிடும், உப்பிய, பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. இதைச் சந்தைக்கு எழுதினால், "7 நாளுக்குள் பொருள் வந்து சேர வேண்டும்" என்று அதே வரி திரும்ப வந்தது. அத்தனை நாள் போனை எடுக்காத விற்பனையாளர் அப்போது மட்டும் செய்தி அனுப்பினார். "பேட்டரின்னு சொல்லாதீங்கண்ணே, பொம்மைன்னு எழுதி அனுப்பிருங்க." நான் செய்யவில்லை. வழியில் அது பற்றி எரிந்தால், வண்டியில் இருப்பவர் என்ன பாவம் செய்தார்? ஏழாவது நாள் முடிந்தது, நேற்று ராத்திரி அந்தப் பதில் வந்தது. ஒன்றரை மாதச் சம்பளம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். எடை எழுதாத விளம்பரத்தை நம்பாதீர்கள், வந்த அன்றைக்கே தராசில் வையுங்கள், அவகாசம் முடிவதற்குள் மீட்டர் போட்டு வாட் மணியில் பாருங்கள். அடி, தூசி, சூடு தாங்கும் என்பதற்கு ராணுவத் தரம் 810எச் என்று போட்டிருந்தால் அது சோதனை முறைகளின் தொகுப்பு மட்டுமே, எதைச் சோதிப்பது என்று தயாரிப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 குறியீடு நல்ல தண்ணீருக்குத்தான், உப்புத் தண்ணீருக்கு இல்லை, அதுவும் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால். எல்லாவற்றையும்விட முக்கியம், இவ்வளவு பெரிய பேட்டரியை நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். கெட்டுப்போனால் பார்சலில் போகாது.

போன் இப்போது மொட்டை மாடியில் மணல் போட்ட இரும்பு வாளிக்குள் இருக்கிறது. பிள்ளைகளை மேலே விடுவதில்லை. மின்கழிவு எடுப்பவர்கள் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்கள்.