ஹாட் டிஸ்க்கில் படம், றவுட்டரில் அளவு டேட்டா: எந்தப் பெட்டி வாங்கலாம்?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு ஹோலில் பழைய ரிவி ஒன்று இருக்கிறது. படம் நல்ல தெளிவு, ஆனால் யூரியூப்கூட அதில் ஓடாது. பக்கத்தில் 2 ரெறாபைற் ஹாட் டிஸ்க். அக்காவின் கல்யாண வீடியோ, கோணேசர் நகர்வலம், அப்பா சேர்த்து வைத்த பழைய படங்கள் எல்லாம் அதற்குள். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு சின்னப் பெட்டி தேடினேன்.

கடைகளில் முதலில் சொல்வது "இது 4கே", அதாவது எச்டியை விடத் தெளிவான படம், என்பதுதான். அதை விட முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நீங்கள் பார்க்கப்போவது டிஸ்க்கில் இருக்கிறதா, நெற்றில் இருந்து வருகிறதா? நெட்பிளிக்ஸ் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரையும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையும் இழுக்கும். மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து டேட்டா போடும் வீட்டில் இரண்டு படத்தோடு கணக்கு கலங்கிவிடும்.

முதலில், பெயர் தெரியாத மலிவு அன்ரொயிட் பெட்டி. நானும் ஒன்று வாங்கினேன். மட்டையில் பெரிய எண்கள், உள்ளே திணறல். ஒரு கிழமைக்குள், யாரும் ரிவி பார்க்காத இரவிலும் டேட்டா குறைந்துகொண்டே போனது. காரணத்தை என்னால் நிரூபிக்க முடியவில்லை. பெட்டியைக் கழற்றியதும் நின்றது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படியான சான்று பெறாத பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது: சிலவற்றில் விற்பனைக்கு வரும் முன்பே கெட்ட மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கும், வீட்டு இணைப்பைப் பிறர் களவாகப் பயன்படுத்துவார்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதை வாங்காதீர்கள்.

மிச்சப் போட்டி ஷவோமி பெட்டிக்கும் றாஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகைக்கும் இடையில்தான்.

2023இல் வந்த ஷவோமி ரிவி பொக்ஸ் எஸ், இரண்டாம் தலைமுறை, கூகிள் ரிவி என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. பெட்டியைத் திறந்து எச்டிஎம்ஐ வயரைச் செருகி, கூகிள் கணக்கைப் போட்டால் வேலை முடிந்தது. நெட்பிளிக்ஸ் முழுத் தரத்தில் வரும், றிமோட்டில் பேசியும் தேடலாம். குறை என்னவென்றால் ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 துளை, 8 ஜிபி சேமிப்பு, றவுட்டரில் இருந்து வரும் லான் வயர் செருக இடமே இல்லை. எங்கள் பழைய வீட்டுச் சுவரோ ஒரு முழத்துக்குக் கிட்ட. றவுட்டர் முன்னறையில் இருந்தால் வைஃபை ஹோலுக்கு வரும்போது களைத்துப்போகும்.

பை 4 அப்படியில்லை. யூஎஸ்பி 3.0 துளை இரண்டு, கிகாபிற் லான், எச்.265 முறையில் சுருக்கிய படங்களை 4கே தரத்திலேயே சிப் மூலம் விரித்துக் காட்டும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் அது வெறும் பலகை. உறை, மெமரி காட், அடப்ரர், மைக்ரோ எச்டிஎம்ஐ வயர் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். அதில் லிபர்எலெக் என்ற இயங்குதளத்தை ஏற்றினால், படம் ஓட்டும் மென்பொருளான கோடி (Kodi) நேரே திறக்கும். நெட்பிளிக்ஸை முழுத் தரத்தில் எதிர்பார்க்காதீர்கள், கிடைக்காது. டிஸ்க்கில் இருக்கும் படத்துக்கோ இதைப்போல ஒன்று இல்லை. கோப்பைத் தொட்ட கையோடு ஓடுகிறது, முன்னுக்கு இழுத்தாலும் நிற்பதில்லை.

எனக்கு மனதைத் தொட்டது சிஇசி என்ற வசதி. எச்டிஎம்ஐ வயர் வழியாகவே ரிவி றிமோட்டின் அழுத்தல் பைக்குப் போய்ச் சேரும். அம்மா புது றிமோட் எதையும் பழகவில்லை. தேய்ந்துபோன அதே பழைய றிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி, கல்யாண வீடியோவைத் தானே கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஷவோமியும் இதே வயர் வழியாக ரிவியை எழுப்பும், அணைக்கும். அதற்கென்று தனி றிமோட்டும் வரும், அது அடிக்கடி சோபாவுக்குள் தொலையும்.

பையில் ஒரு இடத்தில் கவனம். ரிவியின் யூஎஸ்பியில் இருந்து கறண்ட் எடுக்க முயன்றேன். திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தது. கறண்ட் போதவில்லை என்று அர்த்தம். 5 வோல்ற் 3 அம்பியர் அடப்ரர் கட்டாயம். பெரிய டிஸ்க் என்றால் அதற்குத் தனியாகக் கறண்ட் கொடுக்கும் ஹப்பும் வேண்டும், ஏனெனில் பையின் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து 1.2 அம்பியர்தான் தரும்.

அப்புறம் கறண்ட் திடீரென்று போவது. லிபர்எலெக்கில் இயங்குதளம் மாற்றி எழுத முடியாத கோப்பாக இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிக்கும். உங்கள் படப் பட்டியலும் அமைப்புகளும் இருக்கும் பகுதிதான் கெடக்கூடியது. செற்றிங்ஸில் உள்ள பேக்கப் வசதியால் மாதம் ஒருமுறை நகல் எடுத்துக் கணினியில் வையுங்கள். ஷவோமிக்கு இந்தக் கவலை குறைவு.

உப்புக் காற்றுக்கு விசிறி வைத்த உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளே இழுக்கும். விசிறியில்லாத அலுமினிய உறை போட்டு, யன்னலுக்கு எதிர்ப்பக்கத் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஃபயர் ரிவி ஸ்டிக் நல்லதுதான், ஆனால் அமேசன் கணக்கு வேண்டும், கோடியைச் சுற்றுவழியில்தான் ஏற்ற வேண்டும். ஆப்பிள் ரிவியில் யூஎஸ்பி துளையே இல்லை. என்விடியா ஷீல்ட் புரோ எல்லாவற்றையும் செய்யும், எங்கள் தேவைக்கு மேலே, விலையும் மேலே. பை 5 வேகமானது, ஆனால் 5 அம்பியர் அடப்ரர் கேட்கும்; பழைய படங்களுக்கு அந்த வேகம் தேவையில்லை.

சரி, முடிவு. நல்ல ஃபைபர் இணைப்பும் நெட்பிளிக்ஸ் சந்தாவும் இருந்து, டிஸ்க்கில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் ஷவோமி. தங்கச்சி வீட்டுக்கு அதைத்தான் வாங்கச் சொன்னேன். டிஸ்க் நிறையப் படமும் அளவான டேட்டாவும் என்றால் பை 4; எங்கள் ஹோலில் இப்போது ஓடுவது அதுதான். எதை வாங்கினாலும், ஐப்பசி மழை தொடங்கி இடி முழங்கும்போது பெட்டியின் பிளக்கோடு றவுட்டரின் லைன் வயரையும் கழற்றிவிடுங்கள். செப்பு லைன் என்றால் மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும்.